பிரபு பேசாத பேச்சு

நீங்கள் பொய் எழுதினீர்கள், தலைவர் அண்ணை. எழுதிவிட்டு, அதற்கு மேலே என் படத்தையும் கீழே என் பெயரையும் போட்டீர்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நடந்தது தெரியாது. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும். அன்றைக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

நான் பாரிசில் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை செய்கிறேன். கார்ஜ் லே கொனெஸில் ரயில் ஏறி, கார் து நோரில் இறங்கி, ஆறு வருடங்கள் ஒரே வீட்டுக்குப் போனேன். லா சப்பலில் எங்கள் தமிழ்க் கடைகள் முடிகிற இடத்தில் இருந்து ஐந்து நிமிட நடை. நாலாம் மாடி. அங்கே ஒரு ஐரிஷ்காரர் தனியாக இருந்தார். எண்பத்தைந்து தாண்டியவர். மனைவி பிரெஞ்சுக்காரி, அவ செத்துக் கனகாலம். வீடும் அவவுடையதுதான்.

அவர் ஒரு பிரபு என்று இரண்டாம் வருடம் வரை எனக்குத் தெரியாது. வேலைத்தாளில் முசியே, அதாவது ஐயா, என்று மட்டும் இருந்தது. இடது கால் சரியில்லை, உப்புக் குறைவு, குளிக்கும்போது வெளியில் ஒருவர் நிற்க வேண்டும். அவ்வளவுதான். அவருடைய கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்து, அதில் தோல் வைத்துத் தைத்திருந்தது. காலுறையைத் தானே தைப்பார். எங்களில் ஒருவர் அப்படி உடுத்துக்கொண்டு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால் ஆறு மாதம் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அந்தக் கோலத்தில் வங்கிக்குப் போவார், வங்கிக்காரன் எழுந்து நிற்பான். ஏன் எழுந்து நிற்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். மகள் மருந்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், உன் கிழவன் ஒரு லோர்ட் என்று பிரெஞ்சில் சொன்னாள். மேசையில் கிடந்த கடித உறையில் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் நான் அவரிடம் நேராகக் கேட்டேன். அவர் சிரித்தார். அயர்லாந்தில் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை, பாரிஸ் சாப்பாட்டுக் கடைகளில் மட்டும் யன்னல் ஓரமாக மேசை கிடைக்கும் என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நாங்கள் கதைத்தது பிரெஞ்சில். இரண்டு பேருடைய பிரெஞ்சும் மோசம். அவருடையது பள்ளிக்கூடத்தில் படித்த மோசம், என்னுடையது உணவகக் கோப்பை கழுவும்போது பொறுக்கிய மோசம். அதனால் சில விஷயங்களை மூன்று தரம் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். சிலது இன்னும் விளங்கவில்லை.

அயர்லாந்தின் மேற்கில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஊர் ஊராக நிலம் இருந்ததாம். எட்டு வயதில் அவரை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு கொஞ்சக் காலம் பட்டாளம். தகப்பன் செத்ததும் பட்டம் இவருக்கு வந்தது. ஒன்று இல்லை, இரண்டு பட்டம். ஒன்று ஐரிஷ் பட்டம், அது பெயருக்கு மட்டும். மற்றது இங்கிலாந்துப் பட்டம், அது லண்டனில் மேல்சபையில் ஒரு கதிரை கொடுத்தது. ஒருவரும் வாக்குப் போடவில்லை. தகப்பன் செத்தார், மகன் பாராளுமன்றத்தில் போய் இருந்தார்.

இதை நான் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்களை ஆர் தெரிவு செய்தது? ஒருவரும் இல்லை. அப்படியென்றால் ஆருக்காகப் பேசினீர்கள்? அவர் யோசித்துவிட்டு, பெரும்பாலும் மீனுக்காக என்றார். ஆற்று மீன், ஏரித் தண்ணீர், வாய்க்கால் வெட்டுவது, வெளிச்சவீடு. முப்பது வருடத்தில் அவர் எழுந்து பேசியது இவ்வளவைப் பற்றித்தானாம். பிறகு சட்டத்தை மாற்றி, தகப்பன் வழியாக வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை வெளியே போகச் சொன்னார்கள். இவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு மனைவியுடன் பாரிசுக்கு வந்துவிட்டார்.

அவர் ஐரிஷ்காரர் என்றதும் எனக்குள் ஒரு மரியாதை வந்திருந்தது. மறைக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஐரிஷ் என்றால் ஒரே கதைதான்: அடிமைப்பட்டுக் கிடந்தார்கள், எழும்பி அடித்தார்கள், வென்றார்கள். எங்கள் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் தேநீர் குடிக்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அவரிடம் அப்படித்தான் சொன்னேன், உங்களுடைய ஆட்கள் சுதந்திரம் எடுத்தவர்கள் என்று. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர்கள் என் ஆட்கள் இல்லை, மேடம், அவர்கள் எங்கள் வீட்டை எரித்தவர்கள் என்றார்.

அவர் பிறக்க முதல் நடந்த கதை அது. ஒரு பின்னேரம் ஊர்ப் பொடியள் துவக்கோடு வந்து, பதினைந்து நிமிடம் தந்து, வேண்டியதை எடுக்கச் சொன்னார்களாம். பெரிய பியானோ ஒன்றை வீட்டுக்காரரால் தூக்க முடியவில்லை. எரிக்க வந்தவர்களே ஒரு கை கொடுத்துப் புல்லில் இறக்கிவைத்தார்கள். பிறகு வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். வைத்தவன் தோட்டக்காரனுடைய மகன். குடும்பம் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனது, அங்கேதான் இவர் பிறந்தார். சில வருடம் கழித்து, அதே ஆள் அந்தச் சின்ன வீட்டுக்குத் தோட்டக்காரனாக வேலைக்கு வந்தான். இவரைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் அவன்தான். ஒருவரும் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நான் கேட்டேன், அவர்கள் எரித்தது சரியா பிழையா? சரியாகத்தான் இருக்கும் என்றார். அவ்வளவு நிலம் எங்களுக்கு எதற்கு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆனால் அந்த வீடு நல்ல வீடாம் என்றார்.

நான் வன்னி. என் வீட்டுக்கு ஷெல் விழுந்தபோது பதினைந்து நிமிடம் ஒருவரும் தரவில்லை. அதை அவரிடம் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். வீடு இழந்த மனிசன் என்று பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது. எரித்த பொடியளைப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் மனம் போனது. ஆனால் குளிக்கும்போது விழாமல் நான் பிடிப்பது இவரை. அன்றைக்கு ரயிலில் முழுவழியும் யோசித்தேன். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் வருடம் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுத்தான் சொன்னேன். சுவரில் இருந்த அவருடைய தங்கச்சியின் படத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன், உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு தம்பி, லண்டன் வரை போனான், அகதி அந்தஸ்துக் கேட்டான், மறுத்தார்கள், பிடித்து விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். போய் எட்டாம் மாதம் காணாமல் போனான். இன்றுவரை இல்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை.

எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். விரலை மடித்து எண்ணினார். பிறகு, அதற்கு முதல் வருடம் ஒரு சட்டம் வந்தது, மறுக்கப்பட்டவர்களைச் சுறுக்காகத் திருப்பி அனுப்புகிற சட்டம், அதற்கு நான் ஆதரவாக வாக்களித்தேன் என்றார்.

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன யோசித்து வாக்களித்தீர்கள் என்று கேட்டேன். கட்சிக்காரர் சொன்ன பக்கம் எழுந்து போனேன், அன்றைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டி இருந்தது என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒளிக்கவும் இல்லை. அந்தச் சட்டத்தால்தான் தம்பியை அனுப்பினார்களா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை பழைய சட்டத்திலேயே அனுப்பியிருப்பார்கள். இதை யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். ஏன் போனாய் என்று மகள் கேட்டாள். வேலை, வேறென்ன என்றேன். அது முழு உண்மை இல்லை. முழு உண்மை என்னவென்று தெரிந்தால் எழுதுவேன். போனபோது அவர் தானே தேநீர் போட்டுக் கையைச் சுட்டு வைத்திருந்தார். மருந்து பூசினேன். பிறகு மூன்று வருடம் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவர் செத்தது ஆஸ்பத்திரியில். ஆங்கிலக் கோவில் ஒன்றில் வழிபாடு வைத்தார்கள். எட்டுப் பேர். அயர்லாந்தில் இருந்து வந்த, அவருடைய தம்பியின் மகளான பெறாமகள், இரண்டு பழைய சிநேகிதர், மற்றவர்கள் ஆரென்று தெரியாது. எரித்த சாம்பலைப் பெறாமகள் கொண்டுபோனா. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு மனிசனுக்கு இது போதாது என்று எனக்குப் பட்டது. அதைக் கொண்டுபோய் ரூ பெர்தொனேயில் மளிகைக் கடையில் சொன்னதுதான் நான் விட்ட பிழை. எங்கள் சங்கத்தின் தலைவர் பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி சொல்லுறாய்? ஐரிஷ்காரன், பிரபு, பார்லிமெந்தில இருந்த மனுசன், எங்கட சந்தியில இருந்து செத்திருக்கிறார். நாங்கள் சும்மா விடுறதே?"

அப்படித்தான் தொடங்கியது. முப்பத்தோராம் நாள் நினைவை மண்டபம் எடுத்துச் செய்வதென்று முடிவாகிவிட்டது. கல்வெட்டும் அடிப்பதென்று முடிவு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முப்பத்தொன்றுக்கு வருகிறவர்கள் கையில் நாங்கள் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. செத்தவருடைய படம், வம்சாவழி, வாழ்க்கை வரலாறு, புலம்பல் பாட்டு எல்லாம் அதில் இருக்கும். வரலாற்றை நான் எழுத வேண்டும் என்றார் தலைவர். ஆறு வருடம் பார்த்தவள் நான்தானே.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதினேன். பள்ளிக்கூடம், பட்டாளம், இரண்டு பட்டம், மீன், எரிந்த வீடு, தோட்டக்காரன். தம்பியையும் அந்த வாக்கையும் எழுதுவதா விடுவதா என்று கடைசி ஞாயிறு முழுக்கக் குழம்பினேன். எழுதினால் செத்தவரைக் காட்டிக்கொடுத்ததாகப் பட்டது. விட்டால் தம்பியை. கடைசியில் ஆறே ஆறு வரியில் எழுதினேன். அவர் ஒளிக்கவில்லை, நான் ஏன் ஒளிக்க வேண்டும் என்று நினைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் நின்றவர்கள், லோர்ட்டின்ர செயலாளர் அம்மா வாறா, கதிரை போடுங்கோ என்று நக்கலடித்தார்கள். நானும் சிரித்தேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்த சனம். பாதிப் பேர் அவரைக் கண்டதே இல்லை. அவருக்குப் பிடித்தது அவித்த உருளைக்கிழங்கு என்று நான் வெறுமனே அவித்துக் கொண்டுபோனேன். குசினியில் நின்ற பெண்கள் பாவப்பட்டு அதற்குக் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போட்டுவிட்டார்கள். பெறாமகள் அயர்லாந்தில் இருந்து திரும்ப வந்திருந்தா. தலைவர் அவவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவவுக்கு அதைத் தோளில் வைப்பதா மடியில் வைப்பதா என்று தெரியவில்லை.

கல்வெட்டைக் கையில் தந்தார்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார். அடுத்ததில் பிரபு. வம்சாவழி நீளம் என்று வெட்டிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வெண்பாவில் அழுதிருந்தார். பிறகு நான் எழுதியது. என் படம் மேலே, என் பெயர் கீழே. நடுவில் நான் எழுதாத ஒன்று. தம்பி இல்லை. தோட்டக்காரன் இல்லை, எரிந்த வீடும் இல்லை. ஈழத்தமிழர் படும் துயரை முதன்முதலில் லண்டன் மேல்சபையில் எழுந்து நின்று முழங்கிய ஐரிஷ் மண்ணின் மைந்தன் என்று இருந்தது. அகதிகளைத் திருப்பி அனுப்பாதே என்று சபை அதிரப் பேசினார் என்று இருந்தது. தலைவர் ஒலிவாங்கியில் அதை வாசித்தார். சனம் கை தட்டியது. முப்பத்தொன்றில் கை தட்டியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் எழும்பி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். நான்தான் பிழையாக எழுதிக் கொடுத்தேனோ என்றுகூட ஒரு நிமிடம் பட்டது. பக்கத்தில் பெறாமகள், என்ன வாசிக்கிறார்கள் என்று என் மகளைக் கேட்டா. மகள் பிரெஞ்சில் சொன்னாள். அவ அழுதுவிட்டா. எங்களுக்கு ஒருவருக்கும் இது தெரியாதே, அவர் மீனைப் பற்றி மட்டும்தான் பேசினார் என்று குடும்பத்தில் சிரிப்போமே என்று என் கையைப் பிடித்தா.

போன மாதம் அவவிடம் இருந்து கடிதம் வந்தது. குடும்பத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறா. பெரியப்பா தமிழருக்காகப் பேசிய நாள் எது, என்ன சொன்னார், எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறா. என்னைத்தான் கேட்டிருக்கிறா. கீழே இருப்பது என் பெயர்.

மகள் அந்தச் சபையின் பதிவுகளை இணையத்தில் இரண்டு கிழமை தேடினாள். மீன் கிடைத்தது. வெளிச்சவீடு கிடைத்தது. எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாக்களித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அவர் சொன்ன அதே சட்டம், அவர் சொன்ன அதே பக்கம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவள் தேடும்போது அந்தப் பேச்சு எங்காவது இருந்துவிடக் கூடாதா என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். இருந்திருந்தால் தலைவர் சொன்னது சரி, நான் ஆறு வருடம் பார்த்தது நல்ல மனிசனை, பெறாமகளுக்கும் பதில் எழுதலாம். அப்படி ஆசைப்பட்டதை நினைக்க எனக்கு என்னிலேயே கோபம் வருகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் கதிரை தந்தார், தேநீர் எடுப்பித்தார்.

"எந்தக் கல்வெட்டில உள்ளதைச் சொல்லியிருக்கு, தங்கச்சி? குடிகாரனையும் கொடைவள்ளல் எண்டுதானே போடுறம். செத்த மனுசனுக்கு நாலு நல்ல வார்த்தை."

"இது நாலு வார்த்தை இல்லை அண்ணை. அவர் வாய் திறக்காத இடத்தில நீங்கள் பேச வைச்சிருக்கிறியள்."

"ஐரிஷ்காரன் எங்களுக்கு எதிரா வாக்குப் போடுவானே? நீ தான் பிழையா விளங்கியிருப்பாய். உன்ர பிரெஞ்சும் அவற்ற பிரெஞ்சும்."

"பட்டியலில பெயர் கிடக்கு."

"பட்டியலை விடு. சனம் எவ்வளவு சந்தோசப்பட்டது, பாத்தனியே? எங்களுக்காகவும் ஒருத்தன் பேசினவன் எண்டு."

"என்ர தம்பிக்கு ஒரு கல்வெட்டும் இல்லை அண்ணை. அவன்ர பெயர் அச்சில வந்திருக்க வேண்டிய ஒரே இடம் அது. அதையும் வெட்டிப்போட்டியள்."

தேநீர் ஆறுகிறது, குடி என்றார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அதன் பிறகு தொலைபேசி எடுப்பதில்லை. கடைக்குப் போனால் அவர் இப்போதுதான் போனார் என்கிறார்கள். செயற்குழுவில் ஒருவர் எனக்கு ஆள் விட்டுச் சொன்னார்: அந்தப் பெண்ணுக்குப் பதிவு தொலைந்துவிட்டது என்று எழுதிவிடு, பிரச்சினை முடிந்தது. அதாவது உங்கள் பொய்க்குக் காவலாக நான் இன்னொரு பொய் எழுத வேண்டும்.

அந்தக் கிழவர் நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டவும் மாட்டேன். தனக்கு எதிரானதைத் தன் வாயால், தன் வீட்டில், தனக்குச் சோறு போடுகிறவளிடம் சொன்னார். அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்றும் தெரியாது. ஆனால் அது அவர் உண்மையில் செய்தது. நீங்கள் அதை அவரிடம் இருந்து பறித்துவிட்டு, செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டினீர்கள்.

பெறாமகளின் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதத்தான் போகிறேன், உள்ளதைத்தான் எழுதப் போகிறேன். அவ அழுவா. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதிக் கொடுத்த நாலு தாளை மாற்றியது நான் இல்லை என்பதை நான் மட்டும் சொல்லிப் போதாது. கை தட்டிய சனத்துக்கும் தெரிய வேண்டும்.

வருகிற பொதுக்கூட்டம் அதே மண்டபத்தில்தான். அதே ஒலிவாங்கி இருக்கும். தலைவர் அண்ணை, எழும்பி நின்று சொல்லுங்கள். அந்தப் பேச்சை உங்களுக்குச் சொன்னது ஆர்? எந்தப் பதிவில், எந்தப் பக்கத்தில் வாசித்தீர்கள்? என் தம்பியைப் பற்றிய ஆறு வரியை வெட்டியது எவர் கை? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம், தேநீரும் வேண்டாம். நான் முன்வரிசையில் இருப்பேன். எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.